காற்றடித்த டயரைக் கண்டுபிடித்தது தாம்சனா, டன்லப்பா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் டன்லப் என்று படித்தோம், இப்போது ஆளாளுக்கு தாம்சன் என்கிறார்கள், நடுவில் ஒருவர் குட்இயர் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார், இதில் எது சரி என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "அப்படியென்றால் டன்லப் திருடினாரா?" என்று ஒரு கொக்கி போட்டிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பெயரை மட்டும் சொல்வதென்றால் ஒரே வரியில் முடிந்துவிடும்: முதலில் செய்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். நாற்பத்து மூன்று வருடம் கழித்து அதையே தனியாக மறுபடி செய்தவர் ஜான் பாய்ட் டன்லப். திருட்டு நடந்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, தாம்சனின் டயர் ஏன் காணாமல் போனது, டன்லப்பின் டயர் ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது.

என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ரப்பர் தொழில்நுட்பம், வேலை பார்த்தது டயர் ஆலைகளில், அதிலும் பெரும்பாலும் காம்பவுண்ட், அதாவது டயருக்கான ரப்பர் கலவை, கலக்கும் பிரிவில். ரப்பர், கேன்வாஸ், டியூப், பீட் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) பற்றியெல்லாம் தைரியமாகப் பேசுவேன். காப்புரிமைச் சட்டம் என் துறை இல்லை. அந்தப் பகுதியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாம்சன் 1822-ல் ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான ஸ்டோன்ஹேவனில் பிறந்தவர். பாதிரியார் ஆக்க வேண்டும் என்பது வீட்டில் ஆசை. பையனுக்கு லத்தீன் ஏறவில்லை. பதினான்கு வயதில் அமெரிக்காவில் சார்ல்ஸ்டனில் வணிகம் செய்த மாமாவிடம் அனுப்பினார்கள். இரண்டே வருடத்தில் திரும்பி வந்து, வேதியியல், மின்சாரம், வானியல் என்று தானாகவே படித்துக்கொண்டார். ஊரில் கணக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் உதவினார். பிறகு பொறியாளராகி, ரயில்வே வேலைகளில் இருந்தபோது, 1845 டிசம்பர் 10-ஆம் தேதி வண்டிச் சக்கரத்துக்கான காப்புரிமையைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. அடுத்த இரண்டு வருடங்களில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் அதே கண்டுபிடிப்புக்கு உரிமை வாங்கினார்.

அந்தக் காப்புரிமையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தெளிவு. மூன்று நோக்கங்கள் சொல்கிறார்: வண்டியை இழுக்கத் தேவையான சக்தி குறைய வேண்டும், பயணம் சுகமாக இருக்க வேண்டும், சத்தம் குறைய வேண்டும். பலர் டயர் என்றால் மெத்தை மாதிரி உட்கார சுகம் தரும் பொருள் என்று மட்டும் நினைக்கிறார்கள். தாம்சன் முதலில் வைத்தது இழுக்கும் சக்தியை. இதுதான் உண்மையான இயற்பியல். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறினால், அந்தக் கல்லின் உயரத்துக்கு வண்டியின் பாரத்தையே தூக்கியாக வேண்டும். தூக்கச் செலவான சக்தி, மறுபக்கம் 'தடால்' என்று விழும்போது அதிர்வாகவும் சத்தமாகவும் வீணாகிறது. காற்றடித்த சக்கரத்தில் அந்தக் கல் டயருக்குள் கொஞ்சம் அமுங்கிக்கொள்கிறது. வண்டி ஏறக்குறைய தன் மட்டத்திலேயே போகிறது. அமுங்கிய காற்று திரும்ப விரியும்போது, வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. சுகம், சத்தமின்மை இரண்டும் அதோடு ஒட்டி வருபவை. 23 வயதில் இதை இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார் என்பது லேசான விஷயமில்லை.

வெறும் காகிதத்திலும் அது நிற்கவில்லை. ரப்பர் ஏற்றிய கேன்வாஸில் குழல் மாதிரி ஒரு பட்டை செய்து, அதன்மேல் தடித்த தோலால் உறை போட்டு, அந்த உறையைச் சக்கரத்தோடு போல்ட் போட்டு முடுக்கினார். காற்றை பம்ப் மூலம் ஒரு குழாய் வழியாக ஏற்றி மூடிவிடுவது. 1847-ல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் குதிரை வண்டிகளில் மாட்டி மக்கள் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு செட் சக்கரம் 1,200 மைல், அதாவது ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் ஓடியும் கெடவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. ஆகவே "தாம்சன் யோசனை மட்டும் சொன்னார், டன்லப் செய்து காட்டினார்" என்று சிலர் எழுதுவது தவறு. தாம்சனின் டயர் ஓடிய டயர்.

அப்புறம் ஏன் நிற்கவில்லை? இங்கேதான் என் தொழில் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. பக்குவப்படுத்தாத பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலையாகும் என்பதற்கு அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் காப்புரிமை வாங்கியதே 1844-ல்தான். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் சற்று முந்திக்கொண்டு 1843-ல் விண்ணப்பித்தார். அதாவது தாம்சன் டயர் செய்தபோது, டயர் செய்ய லாயக்கான ரப்பருக்கு வயது இரண்டு. ஒரே தரத்தில் மெல்லிய ரப்பர் தகடு வாங்குவது கஷ்டம், விலையும் அதிகம். ரப்பர் மரம் தோட்டப் பயிராகவில்லை. பிரேசில் காட்டில் சேகரித்து வந்ததுதான் நல்ல சரக்கு. இன்னொன்று, இயற்கை ரப்பருக்குள் காற்று மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். நம் சைக்கிள்களில் பழைய டியூபுக்கு அடிக்கடி காற்றடிக்க வேண்டியிருந்தது இதனால்தான். காற்று எளிதில் கசியாத பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரில் டியூப் வந்த பிறகே அந்தத் தொல்லை குறைந்தது. தாம்சனின் வண்டிக்கு யார் தினமும் காற்றுப் பார்ப்பது? ஓட்டை விழுந்தால் அத்தனை போல்ட்டையும் கழற்றி, தோலைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும். தோலோ மழையில் நனைந்தால் தளரும், காய்ந்தால் சுருங்கும்.

இவை பொருள் சார்ந்த காரணங்கள். இதைவிடப் பெரிய காரணம் வேறு ஒன்று என்பது என் கருத்து. 1845-ல் காற்றடித்த டயர் இல்லாமல் தவித்த வண்டி என்று எதுவும் இல்லை. குதிரை வண்டி மெதுவாகப் போகும், அதற்கு வில் சஸ்பென்ஷன் இருந்தது, பணக்காரருக்கு மெத்தை இருந்தது. இழுக்கும் சக்தி குறைந்தால் லாபம் குதிரைக்கு, அது காசு கொடுத்து டயர் வாங்காது. வேகமாகப் போக விரும்பியவர்களின் பணமெல்லாம் அந்த வருடங்களில் ரயிலில் போய்க் கொட்டியது. தாம்சனே ரயில்வே ஆள்தான்.

அவர் மனமுடைந்து உட்கார்ந்துவிடவும் இல்லை. 1849-ல் ஒரு ஊற்றுப்பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். 1852-ல் ஜாவாவுக்குப் போய்ச் சர்க்கரை ஆலை இயந்திரங்களில் வேலை பார்த்தார், அங்கேயே நகரும் நீராவிக் கிரேன் ஒன்றை வடிவமைத்தார். 1862-ல் எடின்பரோ திரும்பி, 1867-ல் சாலையில் ஓடும் நீராவி இழுவை வண்டி செய்தார். அதன் சக்கரங்களுக்கு அவர் போட்டது கெட்டி ரப்பர் டயர்! காற்றடித்த டயரை உலகுக்கே முதலில் காட்டியவர், கனமான வண்டி என்று வந்ததும் காற்றை விட்டுவிட்டு முழு ரப்பருக்குப் போனார். அன்றைய கேன்வாஸும் தோலும் அந்தப் பாரத்தைத் தாங்கியிருக்காது என்பதால் அது சரியான முடிவுதான். அந்த வண்டிகள் இந்தியாவுக்கும் வந்தன. ஆர்.இ.பி. கிராம்ப்டன் என்ற இளம் ராணுவ அதிகாரி 1870-களின் தொடக்கத்தில் பஞ்சாப் பக்கம் அவற்றைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். தாம்சன் 1873-ல் ஐம்பது வயதில் இறந்துபோனார்.

இனி டன்லப். இவரும் ஸ்காட்லாந்துக்காரர், 1840-ல் டிரெகார்ன் என்ற ஊரில் பிறந்தவர். எடின்பரோவில் படித்த கால்நடை மருத்துவர். 1867-ல் அயர்லாந்துக்குப் போய், பிறகு பெல்ஃபாஸ்டில் நன்றாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். 1887-ல் அவருடைய சிறு பையன் ஜானியின் மூன்று சக்கர சைக்கிள், கருங்கல் பாவிய பெல்ஃபாஸ்ட் தெருக்களில் உதறிக்கொண்டு ஓடியது. அதைச் சரிசெய்யத்தான் தொடங்கினார். மெல்லிய ரப்பர் தகட்டில் குழல் செய்து, துணி உறையால் மூடி, ஒரு மரத்தட்டின் விளிம்பில் ஆணியடித்துப் பொருத்தி, காற்றடித்தார். பிறகு அதையும் பையனின் வண்டிச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். கெட்டி ரப்பர் சக்கரம் பாதியில் சாய்ந்தது. காற்றடித்த தட்டு முற்றம் முழுக்க ஓடி மறுபக்கத்தில் முட்டித் திரும்பியது. 1888 பிப்ரவரி 28 அன்று சைக்கிளிலேயே மாட்டிப் பார்த்தார்கள். ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பம், டிசம்பரில் உரிமை.

தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றினார் என்று ஒரு கதை உலவுகிறதே, அதை நம்ப வேண்டாம். டன்லப் தானே எழுதிவைத்து, அவர் இறந்த பிறகு 1924-ல் வெளியான நினைவுக் குறிப்பில் வருவது ரப்பர் தகடுதான். வேலை தெரிந்தவன் கண்ணுக்கும் அதுவே பொருந்துகிறது. தோட்டக் குழாயின் சுவர் தடிமன், அதைக் காற்றுப் புகாமல் வளையமாக இணைப்பது பெரிய வேலை.

சரி, தாம்சனின் காப்புரிமை இருக்கும்போது டன்லப்புக்கு எப்படி இன்னொன்று கொடுத்தார்கள்? உங்கள் "திருட்டு" சந்தேகத்துக்கு இதுதான் சாவி. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் காப்புரிமை அலுவலகம், வரும் விண்ணப்பம் புதியதா, முன்பே யாராவது செய்ததா என்று தேடிப் பார்ப்பதில்லை. அந்தத் தேடலே 1905-ல்தான் தொடங்கியது. படிவம் சரியாக இருந்து, கட்டணமும் கட்டினால் உரிமை கிடைக்கும். யாராவது எதிர்த்தால்தான் பழைய ஆவணம் கிளறப்படும். தாம்சனின் டயர் சந்தையிலிருந்து மறைந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. பெல்ஃபாஸ்டில் மாட்டுக்கும் குதிரைக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அமைப்பைப் பார்த்தாலும் நகல் மாதிரி இல்லை. தாம்சனுடையது தோல் உறை, போல்ட். டன்லப்புடையது ரப்பரும் துணியும், ரிம்மில் பசை போட்டு ஒட்டியது. தெரிந்தே செய்தவராக இருந்தால், செல்லாத ஒரு உரிமையை நம்பி ஒரு கம்பெனியே தொடங்கவிட்டிருக்கவும் மாட்டார். கடைசியாகச் சொன்னது என் ஊகம், ஆதாரம் இல்லை. காப்புரிமை அலுவலகம் தேடிப் பார்க்காததும், இரண்டு டயர்களின் அமைப்பு வேறுபட்டதும் உறுதியானவை.

விஷயம் 1890-ல் வெளியே வந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று ஆனது. ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: தாம்சனின் உரிமை அதற்கு முன்பே காலாவதியாகிவிட்டது, அவரும் உயிரோடு இல்லை. ஆகவே உரிமை தாம்சன் குடும்பத்துக்குத் திரும்பவில்லை. காற்றடித்த டயர் என்ற அடிப்படை யோசனை யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து ஆனது.

ஆனால் அதற்குள் டன்லப்பின் டயர் ஓடத் தொடங்கியிருந்தது. காரணம், இப்போது அதற்காகக் காத்திருந்த வண்டி ஒன்று வந்துவிட்டது. 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், பின் சக்கரத்துக்குச் செயின் போட்ட சைக்கிள். அதற்கு முந்தைய உயர்ந்த சைக்கிளில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்ததால் பள்ளம் மேட்டை அதுவே ஓரளவு விழுங்கிவிடும். சக்கரம் சிறியதானதும் ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவரின் முதுகெலும்பில் எண்ணப்பட்டது. பாதுகாப்பான சைக்கிள், ஆனால் குலுக்கி எடுக்கும் சைக்கிள். கூடவே, இந்தத் தடவை இழுக்கும் சக்தி குறைந்ததன் லாபம் மிதிக்கும் மனிதனுக்கே நேரடியாகக் கிடைத்தது. தாம்சனுக்கு இல்லாமல் போன வாடிக்கையாளர் இவர்தான்.

1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜ் போட்டியில் வில்லி ஹியூம் என்பவர் இந்தத் தடித்த டயரோடு வந்து நின்றபோது கூட்டம் சிரித்தது. நான்கு சைக்கிள் பந்தயத்திலும் அவரே ஜெயித்தார். தோற்றவர்களில் டப்ளின் வணிகர் ஹார்வி டு க்ரோஸின் மகன்களும் இருந்தார்கள். அப்பா டயரைப் பார்த்தார், அந்த வருடமே டப்ளினில் கம்பெனி தொடங்கிவிட்டார். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

காப்புரிமை செல்லாமல் போனபின் அந்தக் கம்பெனி எப்படிப் பிழைத்தது என்பதுதான் இந்தக் கதையில் பலர் தாண்டிப் போகும் இடம். என்னைக் கேட்டால் இன்றைய டயரின் பிறப்பே அங்கேதான். ஒட்டிய டயரில் பஞ்சர் ஆனால், பிய்த்தெடுத்து, ஒட்டி, காயவைக்க வேண்டும். பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரானில் ரப்பர் ஆலை வைத்திருந்த எத்துவார் மிஷ்லினிடம் 1889-ல் ஒருவர் டன்லப் டயரில் பஞ்சர் என்று வந்தார். கழற்றி ஒட்ட மணிக்கணக்கில் ஆனது, பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி பஞ்சர். அதில் பிறந்ததுதான் மிஷ்லினின் கழற்றி மாட்டும் டயர். 1891-ல் அதைப் போட்டுக்கொண்டு சார்ல் தெரோன் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தின் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரை வென்றார்.

பிரிட்டனில், டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போன அதே 1890-ல், இரண்டு தனித்தனிக் காப்புரிமைகள் வந்தன. வெல்ச் என்பவர், டயரின் இரு விளிம்பிலும் நீளாத கம்பி வளையம் வைத்து, நடுவில் பள்ளம் உள்ள ரிம்மில் மாட்டும் முறையைக் கண்டார். ஒரு பக்கத்தைப் பள்ளத்துக்குள் தள்ளினால் மறுபக்கம் விளிம்பைத் தாண்டி வெளியே வரும். இன்று கார் டயரைக் கழற்றும் தொழிலாளி செய்வதும் இதையேதான், நாங்கள் ஆலையில் பீட் என்று சொல்வதும் அந்த விளிம்பைத்தான். பார்ட்லெட் என்பவருடையது, தடித்த ரப்பர் விளிம்பு ரிம்மின் வளைந்த உதட்டுக்குள் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் முறை. டு க்ரோஸின் கம்பெனி இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. டன்லப்பின் பெயர் பலகையில் இருந்தது, கம்பெனியைக் காப்பாற்றியது இந்த இரண்டு பேரின் மூளை.

அதோடு 1891-ல் வந்த வுட்ஸ் வால்வு. இதை நீங்கள் கையால் தொட்டிருப்பீர்கள். நம் ஊர்ப் பழைய சைக்கிளில் காற்றடிக்கும் இடத்தில், சின்ன உலோகத் தண்டின் மேல் ஒரு மெல்லிய ரப்பர் குழலைச் சொருகியிருப்பார்களே, கடையில் 'வால் டியூப்' என்று கேட்டு வாங்குவோமே, அதேதான். தண்டின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. பம்பின் அழுத்தத்தில் ரப்பர் விலகிக் காற்றை உள்ளே விடும், பம்ப் நின்றதும் உள்ளே உள்ள காற்றே அந்த ரப்பரை அழுத்தி ஓட்டையை அடைக்கும். ஸ்பிரிங் இல்லை. ரப்பர் கெட்டுப்போனால் மாற்ற யாராலும் முடியும். எத்தனையோ டயர்கள் மாறின, இது அப்படியே இருக்கிறது. பல நாடுகளில் இதற்கு 'டன்லப் வால்வு' என்று பெயர், ஆனால் டன்லப் கண்டுபிடித்ததில்லை. அதுவும் கம்பெனி பெயரால் வந்தது.

பணம் எங்கே போனது என்றும் சிலர் கேட்பார்கள். டன்லப் 1895-ல் கம்பெனியை விட்டு விலகிப் பங்குகளையும் விற்றுவிட்டார். அடுத்த வருடமே டு க்ரோஸ் குழு அதை 30 லட்சம் பவுண்டுக்கு எர்னஸ்ட் ஹூலி என்ற நிதி வியாபாரிக்கு விற்றது, ஹூலி அதை 50 லட்சம் பவுண்டுக்குப் புதிய பங்கு வெளியீடாக மாற்றினார். டன்லப் வசதியாகத்தான் வாழ்ந்தார், 1921-ல் டப்ளினில் இறந்தார், ஆனால் அந்தப் பெரும் பணத்தில் அவருக்குப் பங்கில்லை. திருடியவர் என்று சொல்வதற்கு இதுவும் பொருந்தவில்லை, பாருங்கள். அந்த டயர் மோகம் ரப்பரின் தேவையை எக்கச்சக்கமாக ஏற்றியது. காங்கோவில் அதன் பெயரால் நடந்த கொடுமைகள் ஒருபுறம். 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு வந்த விதைகளின் வழியில் வந்த ரப்பர் மரங்கள், மலாயாவில் தோட்டம் தோட்டமாக விரிந்தது இன்னொருபுறம். அங்கே ரப்பர் மரத்தில் பால் எடுக்கக் கங்காணிகள் அழைத்துப்போனது நம் ஆட்களைத்தான். அது தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டிய அளவுக்குப் பெரியது, இங்கே தொட்டுவிட்டு நகர்கிறேன்.

குட்இயர் என்று சொன்னவருக்கு: சார்ல்ஸ் குட்இயர் டயர் செய்தவர் இல்லை. ரப்பரைக் கந்தகத்தோடு பக்குவப்படுத்தியவர், 1860-ல் கடனோடு இறந்தவர். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனியை 1898-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் தொடங்கினார். குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் தொடர்பில்லை, மரியாதைக்காக வைத்த பெயர்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். "காற்றடைத்த டயருக்கு முதல் காப்புரிமை பெற்றவர்" என்று கேட்டால் தாம்சன், 1845. "நடைமுறைக்கு ஏற்ற சைக்கிள் டயர்" என்றோ, 1888 என்ற ஆண்டைக் கொடுத்தோ கேட்டால் டன்லப். வெறுமனே "டயரைக் கண்டுபிடித்தவர்" என்று கேட்டு, விடைப் பட்டியலில் தாம்சன் இல்லாமல் டன்லப் மட்டும் இருந்தால், டன்லப்பைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.